எனோடென் வழியில குடிவர்றீங்களா? பாஸ், பேப்பர், பணம், நேரம் எல்லாம் ஒரே இடத்துல

ஜப்பான்ல கமாகுரா, ஃபுஜிசாவா பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து எனோடென் லைன் ஓரமா வீடு பாக்கறவங்களுக்காக இதை எழுதறேன். சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு எனோடென் பத்தி ஆயிரம் வீடியோ கிடைக்குது, கடல், புத்தர் சிலை, ஐஸ்கிரீம்னு. ஆனா இங்கயே குடியிருந்து தினமும் ஏறி இறங்கறவனுக்கு என்ன பேப்பர் வேணும், எவ்ளோ செலவாகும், எப்ப போய் நிக்கணும்னு ஒரு இடத்துல ஒழுங்கா இல்ல. நான் ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு கவுண்டர்ல கேட்டு கேட்டு, பாதி ஜப்பானிய மொழியும் பாதி கையசைவுமா தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்து வர்றவங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. எனோடென்ங்கறது எனோஷிமா எலக்ட்ரிக் ரயில்வே, ஒடாக்யூங்கற பெரிய ரயில் கம்பெனியோட குரூப்ல இருக்கற சின்ன தனியார் கம்பெனி. ஃபுஜிசாவால ஆரம்பிச்சு கமாகுரால முடியற 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன், முழுக்க ஒத்தைத் தண்டவாளம். எதிர் வண்டி வந்தா குகெனுமா, எனோஷிமா, இனாமுராகசாகி, ஹசே மாதிரி சில இடத்துல நின்னுதான் தாண்ட முடியும். இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ சொல்ற பாதி விஷயத்துக்கு காரணம் இதுதான்.

1. வீடு பாக்கும்போதே கேக்க வேண்டியது

முதல்ல, நீங்க பாக்கற வீடு எந்த நகராட்சில வருதுன்னு பாருங்க. ஃபுஜிசாவால இருந்து எனோஷிமா ஸ்டேஷன் வரைக்கும் ஃபுஜிசாவா நகரம், அடுத்த ஸ்டேஷன் கொஷிகோயேல இருந்து கமாகுரா நகரம். ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடந்தே போயிடலாம், ஆனா அட்ரஸ் பதியறது, குழந்தை ஸ்கூல், குப்பை போடற நாள் எல்லாம் வேற வேற. குடிவந்த 14 நாளைக்குள்ள ரெசிடென்ஸ் கார்டை (இங்க தங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு தர்ற அடையாள அட்டை) எடுத்துட்டு போய் புது அட்ரஸை பதியணும், அது சட்டம். கமாகுரா நகராட்சி ஆபீஸ் கமாகுரா ஸ்டேஷன் மேற்கு வாசல்ல இறங்கினா நடக்கற தூரம், எனோடென் ஸ்டேஷனும் அதே பக்கம்தான். கொஷிகோயேலயே ஒரு கிளை ஆபீஸ் இருக்கு, எந்த வேலை அங்க முடியும்னு கேட்டுட்டு போங்க. இந்த அட்ரஸ் வேலையை தள்ளிப் போடாதீங்க, பின்னாடி 8-வது படில சொல்ற சான்றிதழுக்கு இந்த அட்ரஸ்தான் அடிப்படை.

ரெண்டாவது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற வீடுங்க. இனாமுராகசாகி, கொகுராகுஜி, கொஷிகோயே பக்கமெல்லாம் வீட்டு வாசப்படியே தண்டவாளத்தைப் பாத்து இருக்கும், முறையான கேட் இல்லாம தண்டவாளத்தை தாண்டித்தான் உள்ள போற மாதிரி கூட சில வீடு இருக்கு. போட்டோல பாக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா வீட்டு சாமான் ஏத்தின வண்டி வாசல் வரைக்கும் வருமா, ஃப்ரிட்ஜை எந்த வழியா தூக்கிட்டு போவாங்க, சின்னக் குழந்தை இருந்தா என்ன பண்றதுன்னு ஏஜென்ட் கிட்ட நேரடியா கேளுங்க. வண்டி தெரு முனையோட நின்னுட்டா சாமான் தூக்கற கம்பெனி அதுக்கு தனியா காசு கேக்கலாம், எஸ்டிமேட் வாங்கும்போதே இதை சொல்லிடறது நல்லது.

மூணாவது, கடைசி வண்டி. எனோடென் கடைசி வண்டி நடுராத்திரிக்கு முன்னாடியே கிளம்பிடும், ஜேஆர், அதாவது நாடு முழுக்க ஓடற பெரிய ரயில் குரூப், அதுக்கப்புறமும் ஓடும். அதனால டோக்கியோல ஆபீஸ் முடிச்சு லேட்டா வர்றவங்க ஜேஆர் டைம்டேபிளை மட்டும் பாத்து வீடு எடுத்துடாதீங்க. கமாகுரால இறங்கினா எனோடென் கேட் மூடியிருக்கும், டாக்சிக்கு வரிசை நிக்கும். உங்க ஆபீஸ் நேரத்தை வச்சு கடைசி வண்டியை பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

2. முதல் சில நாள் எப்படி சமாளிக்கறது

வந்து இறங்கின உடனே மாசப் பாஸ் எடுக்க ஓடாதீங்க. எந்த வழியா போகப்போறோம்னு முடிவாகாம எடுத்தா மாத்தறது தலைவலி. அதுவரைக்கும் ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, டச் பண்ற கிரெடிட் கார்டு. 2023 ஏப்ரல்ல இருந்து எனோடென்ல எல்லா ஸ்டேஷன்லயும் விசா மாதிரி டச் கார்டை நேரா ரீடர்ல வச்சு போகலாம். ஊர்ல இருந்து கொண்டுவந்த கார்டுல டச் வசதியும் வெளிநாட்டு உபயோகமும் ஆன் பண்ணியிருந்தா அதுவே போதும். ஆனா அதே கார்டை ஜேஆர் கேட்ல வச்சா திறக்காது. இன்னொண்ணு, எந்தக் கார்டுல உள்ள போறீங்களோ அதே கார்டுலதான் வெளிய வரணும். உள்ள போகும்போது போன், வெளிய வரும்போது பிளாஸ்டிக் கார்டுன்னு வச்சா, ரெண்டும் ஒரே அக்கவுண்டா இருந்தாலும் மெஷினுக்கு அது வேற கார்டு.

இன்னொண்ணு, பாஸ்மோ இல்ல சுய்கா, அதாவது முன்கூட்டியே காசு ஏத்தி கேட்ல தொட்டுட்டு போற ரயில் கார்டு. எனோடென் பாஸ்மோ குடும்பம், சுய்காவும் அப்படியே வேலை செய்யும். பிளாஸ்டிக் கார்டுக்கு 500 யென் டெபாசிட், கார்டை திருப்பிக் கொடுத்தா அது வரும். 2023-ல சிப் தட்டுப்பாடுன்னு கார்டு விக்கறதையே நிறுத்தியிருந்தாங்க, 2025 மார்ச்சுக்குள்ள எல்லா வகையும் திரும்ப விக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால பழைய பதிவை படிச்சிட்டு கார்டே கிடைக்காதுன்னு பயப்பட வேண்டாம். வாங்கும்போது பேர் பதிஞ்ச கார்டாவே வாங்குங்க. பேர் இல்லாத கார்டு தொலைஞ்சா தொலைஞ்சதுதான், மறுபடி தரமாட்டாங்க.

போன்ல வச்சுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐபோன்னா ஊர்ல வாங்கினதா இருந்தாலும் ஐபோன் 8-க்கு மேல இருந்தா மொபைல் பாஸ்மோ வேலை செய்யும். ஆண்ட்ராய்டு அப்படி இல்ல. ஃபெலிகாங்கற சிப் உள்ள ஜப்பான் மாடல் வேணும், இந்தியாலயோ சிங்கப்பூர்லயோ வாங்கின ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் அது இருக்காது, ஆப் இன்ஸ்டால் ஆகறதும் ஆகாததும் வேற, கேட்ல திறக்கவே திறக்காது. இதுக்காக புது போன் வாங்காதீங்க, 500 யென் டெபாசிட் கார்டு போதும்.

செலவுக்கு ஒரு கணக்கு: 2024-ல நான் குறிச்சு வச்சபடி கிட்டத்து தூரம் 200 யென், ஃபுஜிசாவா முதல் கமாகுரா வரை முழுசா போனா 310 யென்.

3. ஃபுஜிசாவா வழியா, கமாகுரா வழியா?

இந்தப் படில அவசரப்படாதீங்க, மாசக்கணக்கான காசு இதுலதான் இருக்கு.

எனோடென்ல ரெண்டு முனையிலயும் பெரிய லைன் இருக்கு. ஃபுஜிசாவால ஜேஆர் தோகாய்தோ லைன், ஒடாக்யூ லைன். கமாகுரால ஜேஆர் யோகோசுகா லைன். நடுவுல எனோஷிமால இறங்கி நடந்தா ஷோனான் மோனோரயில் ஸ்டேஷன், அது ஒஃபுனாவுக்கு போகும், 14 நிமிஷம்தான். உதாரணத்துக்கு ஷிச்சிரிகஹாமால குடியிருந்து யோகோஹாமால வேலைன்னா ரெண்டு முனையும் சரிதான். ஆனா பாஸ்ல ஒரு வழியைத்தான் எழுத முடியும். கமாகுரா வழின்னு பாஸ் எடுத்துட்டு ஒருநாள் ஃபுஜிசாவா வழியா போனா அன்னிக்கு தனிக் காசு.

எதை எடுக்கறதுன்னு கேட்டா, என் கருத்து இது. நடுவுல இருக்கற ஸ்டேஷன்காரங்க, ஆபீஸ் ரெண்டையும் ஏத்துக்கும்னா, ஃபுஜிசாவா பக்கம் எடுங்க. கமாகுரா முனைலதான் சனி ஞாயிறும் லீவு நாளும் கூட்டம் குமியும். ஃபுஜிசாவா முனைல மளிகை, எலக்ட்ரானிக்ஸ், துணி எல்லாம் வாங்க பெரிய கடைங்க இருக்கு, பாஸ் எல்லைக்குள்ள இருந்தா லீவு நாள்லயும் காசில்லாம போய்வரலாம். ஒரு சின்ன விஷயம், ஃபுஜிசாவால எனோடென் ஸ்டேஷன் ஜேஆர் கட்டடத்துல இல்ல, எதிர்ல இருக்கற ஒடாக்யூ கடைக் கட்டடத்தோட ரெண்டாவது மாடில இருக்கு, பாலம் தாண்டி நடக்கணும். காலைல கணக்கு போடும்போது அந்த நடையையும் சேத்துக்கோங்க. ஹசே, யுய்காஹாமா, வாதாசுகா ஆளுங்களுக்கு கமாகுராதான், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

அடுத்து ஆபீஸ். பெரும்பாலான கம்பெனி போக்குவரத்து செலவை தருவாங்க, அதுக்கு எந்த வழியா வரீங்கன்னு ஒரு பாரம் நிரப்பணும். மாசம் 150,000 யென் வரைக்கும் அந்தக் காசுக்கு வருமான வரி கிடையாது. ஆனா கம்பெனி தான் நியாயம்னு நினைக்கற வழிக்குத்தான் காசு தரும், பல இடத்துல அது விலை கம்மியான வழி. அதனால வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல பாரம், எச்ஆர் சரின்னு சொன்னப்புறம் பாஸ். தலைகீழா பண்ணினா வித்தியாசத்தை உங்க பாக்கெட்ல இருந்துதான் போடணும். எச்ஆர் கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுடுங்க, காசு 1 மாசத்துக்கு தருவாங்களா 6 மாசத்துக்கு தருவாங்களா, ரசீது வேணுமா பாஸோட காப்பி போதுமா.

வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் ஆபீஸ்னா பாஸே வேண்டாமோ என்னவோ, கணக்கு போட்டு பாருங்க. ஃபுஜிசாவா முதல் கமாகுரா வரைக்கும் மாசம் 12 நாள் போய்வந்தா 310 பெருக்கல் 24, அதாவது 7,440 யென். 1 மாசப் பாஸ் விலை இதைவிட அதிகம்னா சாதா கார்டுலயே போங்க.

4. பாஸ் எடுக்கற நாள்

கொண்டுபோக வேண்டியது: ரெசிடென்ஸ் கார்டு, ஏற்கனவே பேர் பதிஞ்ச பாஸ்மோ இருந்தா அது, போன் நம்பர், பணம். பாரத்துல பேர் கதகானா எழுத்துல (வெளிநாட்டுப் பேரை எழுதற ஜப்பானிய எழுத்து), பிறந்த தேதி, ஆணா பெண்ணா, போன் நம்பர், எங்கிருந்து எங்க, எந்த ஸ்டேஷன் வழியா, என்னிக்கு ஆரம்பம், எத்தனை மாசம்னு கேப்பாங்க. அவ்ளோதான்.

அந்தக் கதகானா பேர்ல நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. நமக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல சிலருக்கு அப்பா பேர் கடைசிப் பேரா விரிஞ்சிருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியா இருக்கும், ரெசிடென்ஸ் கார்டுல அது அப்படியே இங்கிலீஷ் எழுத்துல வந்துடும், கதகானா அதுல இருக்காது. அதனால கதகானால எப்படி எழுதறதுங்கறது உங்க கையில இருக்கு, முருகேசனை ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருத்தர் நடுவுல ஒரு நீட்டல் கோடு போடுவார். வங்கிக் கணக்குல எப்படி எழுதியிருக்கோ, கம்பெனில எப்படி கொடுத்திருக்கீங்களோ, எழுத்துக்கு எழுத்து அதையே இங்கயும் எழுதுங்க. ஒரு சின்ன சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க, எல்லா கவுண்டர்லயும் அதைக் காட்டினா போதும். கார்டு தொலைஞ்சு மறுபடி எடுக்கப் போகும்போது இந்தப் பேரையும் அடையாள அட்டையையும்தான் ஒப்பிட்டு பாப்பாங்க.

எங்க எடுக்கறது? ஃபுஜிசாவா, கமாகுரா மாதிரி ஆள் இருக்கற பெரிய ஸ்டேஷனுக்கு போங்க, நடுவுல இருக்கற சின்ன ஸ்டேஷன்ல நின்னு தேடாதீங்க. எனோடென் கூட ஜேஆரையும் சேத்து ஒரே பாஸா எடுக்கலாம். எனோடென் பக்கம் வாங்கினா பாஸ்மோல ஏறும், ஜேஆர் பக்கம் வாங்கினா சுய்கால ஏறும். ஜேஆர் தூரத்துக்கு மட்டும் தனியா பாஸ் எடுக்கணும்னா அது பாஸ்மோல ஏறாது, சுய்காதான். தனித்தனியா ரெண்டு பாஸ் ரெண்டு கார்டுல வச்சுக்கிட்டு கேட்ல தடுமாறறவங்களை பாத்திருக்கேன், சேத்து எடுக்க முடியும்னா சேத்தே எடுங்க.

எத்தனை மாசம்? 1, 3, 6 மாசம்னு இருக்கும். தனியார் ரயில்ல பொதுவா 3 மாசத்துக்கு எடுத்தா 5 சதவீதம், 6 மாசத்துக்கு 10 சதவீதம் கம்மி. ஆனா புதுசா வந்தவங்க முதல் தடவை 1 மாசமே எடுங்க. வழி பிடிக்கலாம் பிடிக்காம போகலாம், ஆபீஸ் இடம் மாறலாம். அந்த 10 சதவீதத்துக்கு ஆசைப்பட்டு 6 மாசம் எடுத்துட்டு நடுவுல திருப்பிக் கொடுத்தா வர்ற நஷ்டம் அதைவிட பெருசு. அது எப்படின்னு கடைசில சொல்றேன்.

எப்ப போறது? பாஸ் ஆரம்பிக்கற நாளுக்கு 14 நாள் முன்னாடியே வாங்கிடலாம். ஏப்ரல் 1-ல ஜப்பான்ல ஸ்கூல், காலேஜ், கம்பெனி எல்லாம் ஒரே நாள்ல புது வருஷம் ஆரம்பிக்கும், மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் பாஸ் கவுண்டர்ல வரிசை தெரு வரைக்கும் வந்துடும். ஏப்ரல்ல வேலைல சேர்றவங்க மார்ச் மூணாவது வாரமே ஒரு வேலை நாள் மத்தியானம் போய் முடிச்சிடுங்க. மொபைல் பாஸ்மோ இருக்கறவங்க வீட்ல உக்காந்தே போன்ல எடுத்துக்கலாம், அதுக்கு பதிவு பண்ண கார்டு வேணும். கவுண்டருக்கு போறவங்க எல்லா கிரெடிட் கார்டையும் வாங்குவாங்கன்னு நம்பாம கைல பணமா எடுத்துட்டு போங்க, ஜேஆரோட சேத்து எடுத்தா தொகை பெருசாவே வரும்.

5. படிக்கறவங்க, குழந்தைங்க

மாணவர் பாஸ் சாதாப் பாஸைவிட நிறைய மலிவு. ஆனா எல்லா படிப்புக்கும் கிடைக்காது. காலேஜ், யுனிவர்சிட்டி சரி. ஜப்பானிய மொழிப் பள்ளில படிக்கறவங்க முதல்ல பள்ளி ஆபீஸ்ல கேளுங்க, ரயில்வே அங்கீகரிச்ச பள்ளியா இருந்தாத்தான் மாணவர் பாஸ், இல்லன்னா விசால மாணவர்னு போட்டிருந்தாலும் சாதாப் பாஸ்தான். பேப்பர் வேணும்: பள்ளி தர்ற போக்குவரத்து சான்றிதழ், இல்லன்னா பாஸ் எடுக்கறதுக்கான கட்டம் உள்ள மாணவர் அட்டை. வீட்டுக்கு பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து பள்ளிக்கு பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும்தான் தருவாங்க, பார்ட் டைம் வேலைக்கு போற இடத்துக்கெல்லாம் நீட்ட முடியாது.

குழந்தைங்க: ஸ்கூல் சேராத சின்னப் பிள்ளைங்க ஒரு பெரியவர் கூட ரெண்டு பேர் வரைக்கும் இலவசம். ஆரம்பப் பள்ளி பிள்ளைக்கு பாதி கட்டணம். அதுக்கு குழந்தை பாஸ்மோ தனியா எடுக்கணும், வயசைக் காட்ட பாஸ்போர்ட்டோ ரெசிடென்ஸ் கார்டோ காட்டணும். பிள்ளை கைல பெரியவங்க கார்டை கொடுத்தா முழுக் காசு போகும். ஒடாக்யூல குழந்தைங்களுக்கு கார்டுல போனா எவ்ளோ தூரமானாலும் 50 யென்னு ஒரு திட்டம் இருக்கு, அது ஒடாக்யூ லைன்ல மட்டும். எனோடென் அதே குரூப்தானேன்னு அந்தக் கணக்கை இங்க போட்டுடாதீங்க.

6. தினமும் ஏறி இறங்கும்போது

சின்ன ஸ்டேஷன்ல பெரிய கேட் இருக்காது, ஒரு கம்பத்துல ரீடர் மட்டும் இருக்கும். உள்ள போறதுக்கு ஒண்ணு, வெளிய வர்றதுக்கு ஒண்ணு, ரெண்டும் கிட்ட கிட்டயே நிக்கும். யாரும் தடுக்க மாட்டாங்க, எதுவும் மூடாது. வண்டி வந்துடுச்சுன்னு ஓடும்போது ரீடரைத் தொட மறந்துடும், இல்லன்னா தப்பான கம்பத்தைத் தொட்டுடுவோம். அப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கார்டுல பயணம் பாதில நிக்கும், அடுத்து ஜேஆர் கேட்டுக்கு போனா சிவப்பு விளக்கு எரிஞ்சு பின்னாடி வர்ற கூட்டமே நிக்கும். அப்படி ஆச்சுன்னா ஆள் இருக்கற எந்த எனோடென் ஸ்டேஷன்லயும் கார்டை நீட்டி, எங்க ஏறினோம் எங்க இறங்கினோம்னு ஸ்டேஷன் பேர் ரெண்டையும் சொல்லுங்க, சரிபண்ணிக் கொடுத்துடுவாங்க. பாஸ் இருந்தாலும் தொட்டே ஆகணும்.

கொஷிகோயேல இறங்கறவங்க ரொம்ப கவனமா இருங்க. ரெண்டு பக்கமும் ரோடு குறுக்க போறதால பிளாட்பாரம் நீளம் பத்தாது, 4 பெட்டி வண்டி வந்தா கமாகுரா பக்கம் இருக்கற முனைப் பெட்டியில கதவே திறக்காது. வண்டிக்குள்ள அறிவிப்பு வரும், கூட்டத்துல காதுல விழாது. ஃபுஜிசாவால ஏறும்போதே பின் பெட்டிகள்ல ஏறிக்கோங்க. கொஷிகோயேக்கும் எனோஷிமாவுக்கும் நடுவுல வண்டி நேரா ரோட்டு மேலயே காரோட சேந்து போகும், ஒரு கார் சரியா ஒதுங்காம நின்னுட்டா வண்டி பொறுமையா நிக்கும். மணியடிச்சுட்டே அது ஊர்ந்து போறதும், கடைக்காரர் சைக்கிளை சுவத்தோட ஒட்டி நகத்தி வழி விடறதும் பாக்க எனக்கு இன்னிக்கும் பிடிக்கும். ஆனா ஆபீஸ் போறவங்க அந்த ரெண்டு மூணு நிமிஷத்தை கணக்குல வச்சுக்கணும்.

நேரம்: 2023 மார்ச்சுக்கு முன்னாடி 12 நிமிஷத்துக்கு ஒரு வண்டி, இப்ப 14 நிமிஷத்துக்கு ஒண்ணு. 12-னா ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிஷம் வரும், மனப்பாடம் பண்ணிக்கலாம். 14-ல அப்படி வராது, 8 மணிக்கு பாத்த நிமிஷம் 9 மணிக்கு இருக்காது. உங்க ஸ்டேஷன் டைம்டேபிளை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. முனைக்கு முனை கிட்டத்தட்ட 35 நிமிஷம். ஒத்தைத் தண்டவாளம், அதனால ஒரு வண்டி லேட்டானா எதிர் வண்டியும் காத்திருந்து லேட்டாகும், ஜேஆர் மாறறதுக்கு நடுவுல 10 நிமிஷமாவது விடுங்க.

7. வண்டி நின்னுட்டா

கொஷிகோயேல இருந்து இனாமுராகசாகி வரைக்கும் பாதை கடலோரம்தான். புயல் வந்தா நிறுத்துவாங்க. லேட்டானா ஆபீஸ்ல காட்ட தாமதச் சான்றிதழ்னு ஒரு சின்னத் தாள் கேட்டு வாங்கிக்கோங்க, இது இல்லாம சில கம்பெனில அரை நாள் சம்பளத்தை பிடிச்சுடுவாங்க.

மாத்து வழி ஏற்பாடு பண்ணினா, அதாவது எனோடென் ஓடலன்னு வேற ரயில்லயோ பஸ்லயோ காசில்லாம அனுப்பினா, பாஸோ டிக்கெட்டோ வச்சிருக்கறவங்களுக்குத்தான் அது. கார்டுல காசு போட்டு போறவங்களுக்கு கிடையாது. பாஸ் எடுக்கலாமா வேண்டாமான்னு மேல சொன்ன கணக்கு சரிசமமா வந்தா, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பாஸ் பக்கம் சாய்வேன். அந்த மாத்து ரயில்ல போகும்போது கேட்ல டச் பண்ணாம ஆளிருக்கற ஜன்னல்ல பாஸை காட்டுங்க, டச் பண்ணினா காசு போயிடும்.

8. கோல்டன் வீக்குக்கு முன்னாடி வாங்க வேண்டிய சான்றிதழ்

ஏப்ரல் கடைசில இருந்து மே முதல் வாரம் வரைக்கும் கோல்டன் வீக் லீவு. அப்ப கமாகுரா ஸ்டேஷன்ல எனோடென் ஏற ஸ்டேஷனுக்கு வெளிய வரைக்கும் வரிசை நிக்கும். வீட்டுக்கு போக வேண்டிய ஆளும், மார்க்கெட் பையோட நிக்கற பாட்டியும், ஆஸ்பத்திரிக்கு போறவரும் அதே வரிசைல. இதுக்காக கமாகுரா நகராட்சி எனோடென் கூட சேந்து ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கு. லைன் ஓரமா குடியிருக்கறவங்க, அங்க வேலைக்கோ படிப்புக்கோ போறவங்க சான்றிதழ் வாங்கி வச்சுக்கிட்டா, வெளிய வரிசை நிக்கற நேரத்துல அதைக் காட்டி நேரா ஸ்டேஷனுக்குள்ள போகலாம். எனக்கு இது ரொம்ப நியாயமான ஏற்பாடாத் தெரியுது, ஊர்க்காரனுக்கு தன் வீட்டுக்கு போக வழி இருக்கணும்.

வெளிநாட்டுக்காரங்களுக்கு இது கிடையாதுன்னு யாரோ சொல்லி நிறைய பேர் கேக்காமயே விட்டுடறாங்க. இது குடியிருக்கறதைப் பாத்து தர்றது, பாஸ்போர்ட்டைப் பாத்து இல்ல. அட்ரஸ் உள்ள அடையாளம் வேணும், நமக்கு ரெசிடென்ஸ் கார்டு, அதான் பின்பக்கம் புது அட்ரஸ் எழுதியிருக்கணும்னு முதல்லயே சொன்னேன். வேலை, படிப்புக்காக கேக்கறவங்க அதைக் காட்ற பேப்பர் எடுத்துட்டு போங்க. எந்தெந்த நாள் செல்லும், எப்படி விண்ணப்பிக்கறதுங்கறதை நகராட்சி வசந்த காலத்துல அறிவிக்கும், மார்ச்ல இருந்தே அவங்க அறிவிப்பை பாத்துட்டே இருங்க, லீவு ஆரம்பிச்சப்புறம் போய் கேட்டா அந்த வருஷத்துக்கு பிரயோஜனமில்ல. இது வரிசையைத் தாண்டறதுக்கு மட்டும்தான், டிக்கெட் இல்ல, உக்கார இடத்துக்கு உத்தரவாதமும் இல்ல.

கூட்டம் அந்த வாரத்தோட முடியாது. ஜூன்ல ஹைட்ரேஞ்சா பூ பாக்க ஹசே, கொகுராகுஜி பக்கம் நிரம்பி வழியும். கமாகுராகோகோமயே ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட் ஒரு அனிமேல வந்ததால வருஷம் பூரா ஆளுங்க போட்டோ எடுக்க நிப்பாங்க, அங்க குடியிருக்கறவங்க கார் எடுக்கறதுக்கே பொறுமை வேணும். ரொம்ப முடியாத நாள்ல எனோஷிமா, கொஷிகோயே ஆளுங்க ஒஃபுனால இறங்கி ஷோனான் மோனோரயில் பிடிச்சு வந்துடுங்க, 7, 8 நிமிஷத்துக்கு ஒரு வண்டி, பாஸ்மோவும் செல்லும். பஸ்ஸை நம்பாதீங்க, லீவு நாள்ல கடலோர ரோடும் நகராது. கமாகுரா கூட்டத்தைத் தவிர்க்கறேன்னு அடுத்த ஸ்டேஷன் வாதாசுகாவுக்கு நடந்து போய் ஏற நினைக்கறதும் வீண், வண்டி கமாகுராலயே நிரம்பித்தான் வரும்.

9. ஊர்ல இருந்து விருந்தாளி வந்தா

நோரியோரிகுன்னு ஒரு நாள் டிக்கெட், 2023 அக்டோபர்ல இருந்து 800 யென், அன்னிக்கு எத்தனை தடவை வேணா ஏறி இறங்கலாம். ஹசேல இறங்கி பெரிய புத்தர், அப்புறம் எனோஷிமா, திரும்ப கமாகுரான்னு சுத்தி, வழில இன்னும் ஒண்ணு ரெண்டு இடத்துல இறங்கி ஏறினா லாபம். போய்வர ரெண்டே தடவைன்னா வேண்டாம், சாதா கட்டணமே கம்மி. ஷின்ஜுகுல இருந்து வர்றவங்களுக்கு ஒடாக்யூவோட எனோஷிமா-கமாகுரா ஃப்ரீபாஸ்தான் சரி, அதுல எனோடெனும் அடக்கம். வேலை நாள்ல காலை 9 மணிக்கு முன்னாடி கூட்டிட்டு போங்க, ஜன்னல் பக்கம் கடல் தெரியற மாதிரி நிக்க இடமாவது கிடைக்கும்.

10. கார்டு தொலைஞ்சா, பாஸ் திருப்பிக் கொடுத்தா

தொலைஞ்சது தெரிஞ்ச உடனே பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லி கார்டை நிறுத்துங்க, அடையாள அட்டை வேணும். அடுத்த நாள்ல இருந்து 14 நாளைக்குள்ள புதுக் கார்டு வாங்கணும், 520 யென் கட்டணமும் 500 யென் டெபாசிட்டும் சேத்து 1,020 யென். பாஸும் மிச்சக் காசும் அப்படியே வந்துடும். பழைய கார்டு அப்புறம் கிடைச்சா அதைக் கொடுத்து 500 யென்னை வாங்கிக்கலாம்.

வீடு மாறி பாஸை திருப்பிக் கொடுக்கும்போது தேதியை பாத்து போங்க. ஓடின மாசத்தை முழு மாசமாத்தான் கழிப்பாங்க, புது மாசத்துல ஒரு நாள் போயிட்டாலும் அது ஒரு மாசம். 6 மாசப் பாஸ்ல 2 மாசமும் ஒரு நாளும் ஆனப்புறம் போனா 3 மாசக் காசை கழிச்சுட்டு மிச்சம்தான் தருவாங்க, அதுக்கு 6 மாசச் சலுகை கிடையாது, 3 மாசப் பாஸ் விலையை போட்டு கழிப்பாங்க, மேல 220 யென் கட்டணம். மிச்சம் ஒரு முழு மாசம் கூட இல்லன்னா பைசா வராது. பாஸ் ஆரம்பிச்சு 7 நாளைக்குள்ள கொடுத்தா மட்டும் கணக்கு வேற, போன நாளுக்கு போய்வர கட்டணத்தை கழிச்சுட்டு மீதியை தந்துடுவாங்க. அதனால ஆபீஸ் மாறப்போறது தெரிஞ்சா, மாசக் கணக்கு முடியற தேதிக்கு முந்தியே கவுண்டருக்கு போங்க. கம்பெனி 6 மாசக் காசை முன்கூட்டியே கொடுத்திருந்தா திரும்ப வர்ற தொகை அவங்களோடது, கவுண்டர்ல தர்ற சீட்டை பத்திரமா வச்சிருந்து எச்ஆர் கிட்ட கொடுங்க.